எதுவரைக்கும் தண்ணி வருது?

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று மலர்க்குழுவிடம் போனேன். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா. இதுவரைக்கும் நாற்பத்திரண்டு வந்திருக்கு. முப்பது நட்பைப் பத்தி, மிச்சம் பன்னிரண்டு பிரிவைப் பத்தி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆகவே நான் ஒரு பழைய லேப்டாப்பைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் கொஞ்சம் பிரிவு வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் வைஃபை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? நம் கல்லூரியில் மெக்கானிக்கல், சிவில், கம்ப்யூட்டர் என்று எந்தத் துறைக்காரனைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "ஃபார்மட் அடிச்சிரு மாப்ள!" இந்த மூன்று வார்த்தையை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. எழுதுபவன் அதே மூன்று வார்த்தையை நம்பி ஏமாந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் வீட்டு லேப்டாப் அக்காவுடையது. 2014ல் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம்மில் பல பேர் வீட்டுக்குள் முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது என்றால் அது மிகையாகாது. அக்கா கல்யாணமாகிப் போனபோது சீர்வரிசையோடு போகாமல் வீட்டில் தங்கியது இது ஒன்றுதான். பேட்டரி செத்து நான்கு வருடம் ஆகிறது. சார்ஜர் மாட்டினால் ஓடும், பிடுங்கினால் அணையும். விண்டோஸ் 7ஐ எடுத்துவிட்டு 10 ஏற்றியிருந்தோம். நத்தை வேகம். இருந்தாலும் என் இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் அதில்தான் டைப் அடித்தேன். முருங்கைத் தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரை ஓடவிடும் கருவி. நாற்பத்தெட்டுப் பக்கம், படங்களோடு.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். கீழே வைஃபை குறி முழுசாக இருக்கிறது. கனெக்டட் என்றும் சொல்கிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் ஒரு வெள்ளைப் பக்கம், சிவப்பில் ஒரு குறி, கீழே இங்கிலீஷில் இரண்டு மூன்று வரி. அடைத்தேன், திறந்தேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன். நண்பனுக்கு போன் போட்டேன். அவன் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னான்.

மறுநாளே திண்டுக்கல்லில் ஒரு கடையில் கொண்டு போய்க் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணனும் தம்பி, ஐநூறு ரூபா ஆகும். உள்ள முக்கியமா ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். நான், "எல்லாம் டி டிரைவ்ல இருக்குண்ணே, சி டிரைவ்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

டெஸ்க்டாப்பில் கிடப்பதும், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற ஃபோல்டர்களில் கிடப்பதும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டாம் ஆண்டில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சாயங்காலம் கடையில் வைஃபை ஜோராக ஓடியது. வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினேன். மறுபடியும் அதே வெள்ளைப் பக்கம்! திரும்பவும் கடைக்குப் போனால், அங்கே ஓடுகிறது. "உங்க வீட்டு லைன்ல கோளாறு தம்பி" என்றார். வீட்டு லைனைப் பார்க்க ஆள் வந்தார். பார்த்தார். போனில் சினிமாவே ஓடுகிறது, லைனில் என்ன கோளாறு என்று என்னைத் திருப்பிக் கேட்டார். மூன்றாம் தடவை கடையில், இன்னொரு முறை ஃபார்மட் அடித்த பிறகு, "வைஃபை கார்டு வீக்கா இருக்கும். மாத்தினா ஆயிரத்து ஐநூறு" என்றார்கள்.

அன்று இரவுதான் ரிப்போர்ட்டைத் தேடினேன். இல்லை. பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். காலி. அப்பத்தா போன ஐப்பசியில் இறந்து போனது. மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று அப்பத்தாவின் படங்களையெல்லாம் போனிலிருந்து எடுத்து லேப்டாப்பில் போட்டு, போனில் அழித்தவன் நான்தான்.

சரி, கோளாறுக்கு வருவோம்.

என் அப்பா நம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்று வட்டாரத்தில் போர் மோட்டார் வேலையும் பார்ப்பார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஆயிரத்து ஐநூறு கேட்டதும், "கார்டு போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார். "சொன்னாங்கப்பா" என்றேன். "தோட்டத்துக் கடைசி வரப்புல தண்ணி விழலைன்னா மோட்டாரையா கழட்டுவாங்க? எதுவரைக்கும் தண்ணி வருதுன்னு பைப்போடயே நடந்து பார்ப்பாங்க. உன் நெட்டு எதுவரைக்கும் வருது?" என்றார்.

நண்பர்களே, மூன்று வருடம் டிப்ளமோ படித்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட வெட்கம், அந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய் எது, அது எதனால் வந்தது, தணிப்பது எப்படி என்று வரிசையாகப் பார்க்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி! நாம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவுகிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் ஊரில் சொல்வதற்குக் கம்ப்யூட்டர் பாஷையில் ஃபார்மட் என்று பெயர்.

அன்று இரவு பைப்போடு நடந்தேன். நீங்களும் கூட வாருங்கள்.

முதலில் கிணறு. அதாவது லேப்டாப்பின் ரேடியோ ஓடுகிறதா? பழைய மாடல்கள் சிலவற்றில் முன் விளிம்பில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். பையில் உரசியே அது நகர்ந்துவிடும். சிலவற்றில் எஃப்.என். பொத்தானோடு ஒரு விமானப் படம் போட்ட பொத்தான். கை பட்டு ரேடியோ அணைந்துவிடும். நம் ஹாஸ்டலில் ஒருவன் இதற்காக ஃபார்மட் அடித்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவனும் இந்த மலரைப் படிப்பான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால் ரேடியோவை அடைத்தது சுவிட்சா, சாஃப்ட்வேரா என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது, ரூட்டரின் பெயர் பட்டியலில் வருகிறதா? எல்லாப் பெயரும் வந்து நம் பெயர் மட்டும் வரவில்லை என்றால் கார்டு சாகவில்லை என்று பொருள். செத்த ரேடியோவுக்கு எந்தப் பெயரும் தெரியாது. இங்கேதான் நம்மில் பாதிப் பேர் மாட்டிக் கொள்கிறோம். புது போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் பலவற்றில் அது 5 கிகாஹெர்ட்சில் கிளம்புகிறது. பழைய லேப்டாப்பின் கார்டுகள் பலவும் 2.4 மட்டுமே கேட்கத் தெரிந்தவை. மத்திய அலை வைத்த ரேடியோவில் எஃப்.எம். தேடினால் வருமா? போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4க்கு மாற்றுங்கள், பெயர் தானே வந்து நிற்கும். அதேபோல் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருந்தாலும் பழைய கார்டு உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கும்.

சிக்னல் மெலிதாக வருவது வேறு கதை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005ல் திறந்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி எல்லோருடைய வாளியும் அதற்குள்தான். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் ஒரே இடத்தில். அந்தப் பட்டையில் பதின்மூன்று சேனல் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஹாஸ்டலில் ராத்திரி ஒன்பது மணிக்கு அறுபது ஹாட்ஸ்பாட் போட்டால் என்ன ஆகும்? இதில் நம் வீடுகளில் ரூட்டருக்குக் கொடுக்கும் மரியாதை தனி. இரும்பு பீரோவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே! இரும்பும் தகரமும் அந்த அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் நிறைந்த டேங்க் குடித்தே விடும். ஸ்கிரீன் கீல் உடைந்து ஒட்டிய லேப்டாப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கார்டிலிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் அந்தக் கீல் வழியாகத்தான் ஸ்கிரீனைச் சுற்றிப் போகின்றன. கீலை ஒட்டியவர் ஒயரைக் கிள்ளியிருப்பார். பக்கத்தில் வைத்தால் கிடைக்கும், பத்தடி போனால் போய்விடும். கார்டு மேல் பழி.

பெயர் வந்தது, பாஸ்வேர்டும் ஏற்றுக்கொண்டது. இப்போது முகவரி கிடைத்ததா? கருப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடியுங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் கொடுத்தது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் ஒன்றும் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் லேப்டாப் தானே ஒரு நம்பரை எழுதிக்கொண்டது என்று அர்த்தம். பந்தியில் இலை போடாதவன் தானே ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. சாப்பாடு வராது. அப்போது பார்க்க வேண்டியது ரூட்டர் முகவரி கொடுக்கும் வேலையை.

பிறகு 'பிங்'. முதலில் ரூட்டரை, 192.168.1.1 என்றோ வேறு எண்ணோ, ஐபிகான்ஃபிக்கில் கேட்வே என்று போட்டிருக்கும் எண்ணை. பதில் வந்தால் வீட்டுக்குள் குழாய் சரி. பிறகு வெளியே 8.8.8.8. பதில் வந்தால் தெருவும் சரி, ஊரும் சரி. பொதுவாக இங்கே நின்றுபோனால் வெளி லைனைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. லேப்டாப்பை ஆயிரம் தடவை ஃபார்மட் அடித்தாலும் அறுந்த ஃபைபர் ஒட்டாது. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சரியில்லை. அந்தக் காலத்து டெலிபோன் டைரக்டரி தொலைந்த கதை. லைன் நன்றாக இருக்கும், நம்பர்தான் தெரியாது.

என் லேப்டாப்பில் ரூட்டரிலிருந்து பதில் வந்தது. 8.8.8.8லிருந்து பதில் வந்தது. பெயர்களுக்கும் எண் கிடைத்தது. அப்பாவிடம், "கடைசி வரப்பு வரைக்கும் தண்ணி வருதுப்பா" என்றேன். "அப்புறம் ஏன் பயிர் காயுது? மடையைப் பாரு" என்றார்.

கூடுதலாக இன்னொரு சோதனையும் செய்தேன். போனை யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டி, கேபிள் வழியாகவே நெட் கொடுத்தேன். வைஃபையே இதில் கிடையாது. அப்படியும் அதே வெள்ளைப் பக்கம். ஆக, கார்டு மேல் குற்றமே இல்லை! ஒரு கேபிள் ஆயிரத்து ஐநூறு ரூபாயைக் காப்பாற்றியது.

அதன்பிறகுதான், ஒரு மாதமாகத் திரையில் நின்றுகொண்டிருந்த அந்த இங்கிலீஷ் வரிகளை முதல்முறையாகப் படித்தேன். முழுசாகப் படித்தேன். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? உன் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று எழுதியிருந்தது!

திரையின் மூலையைப் பார்த்தேன். 2013 ஜனவரி 1.

விஷயம் இதுதான். இன்றைக்கு ஏறக்குறைய எல்லா இணையதளமும் உள்ளே விடுவதற்கு முன் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. 'நான் இன்னார்தான், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இது செல்லும்' என்ற அடையாள அட்டை. நம் லேப்டாப் அதைத் தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். லேப்டாப் 2013ல் வாழ்ந்துகொண்டிருந்தால் இந்தக் காலத்துச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத ஆளை எப்படி நம்புவது? கதவைச் சாத்திவிடுகிறது. இது கோளாறு அல்ல, காவல். இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய போன்களும் கம்ப்யூட்டர்களும் உலகமெங்கும் பல தளங்களைத் திறக்க முடியாமல் திண்டாடின. அவற்றில் யாருடைய வைஃபையும் கெட்டுப்போகவில்லை.

தேதி ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்க ஒரு ரூபாய் நாணயம் மாதிரி 3 வோல்ட் செல் ஒன்று உண்டு. லேப்டாப்பை அணைத்தாலும் தேதியை நினைவு வைத்துக் கொள்வது அதன் வேலை. கீழ் மூடியைக் கழற்றினேன். என் பையிலேயே கிடந்த மல்டிமீட்டரை வைத்தேன். 0.6 வோல்ட்! பெரிய பேட்டரியும் கிடையாது, சின்ன செல்லும் கிடையாது. சார்ஜரைப் பிடுங்கும் போதெல்லாம், கரண்ட் போகும் போதெல்லாம் லேப்டாப் 2013க்குப் போய்விடும். கடையில் ஏன் ஓடியது என்பதும் இப்போது விளங்கியது. ஃபார்மட் அடிக்கும்போது தேதியைச் சரி செய்துவிடுவார்கள். ஓடும். நான் பிடுங்கிப் பையில் வைத்து பஸ் ஏறுவேன். வேடசந்தூர் வந்து இறங்குவதற்குள் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பின்னால் போயிருக்கும்.

செல் விலை நாற்பது ரூபாய். மாட்டித் தேதி வைத்தேன். ஓடியது. இன்றுவரை ஓடுகிறது.

படங்களை மீட்க முடியுமா என்று பார்த்தேன். 'ஃபோட்டோரெக்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அழிந்த டிஸ்க்கிலிருந்து மிச்சத்தைப் பொறுக்கித் தரும். ஆனால் இழந்தவுடனே டிஸ்க்கில் எதையும் எழுதாமல் நிறுத்தியிருக்க வேண்டும். நானோ இரண்டு தடவை விண்டோஸ் ஏற்ற விட்டிருந்தேன். முப்பது, நாற்பது படம் வந்தது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவும் படம் ஒன்று வந்தது. மேல் பாதி இருக்கிறது. கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம். கீரையும் கையும் இல்லை. அதைத்தான் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறோம். ரிப்போர்ட்டை ஆறு ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தேன். அது ஒரு பெரிய விஷயமில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கடைக்கார அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நிலைமையில் இருந்து பாருங்கள். ஃபார்மட் என்றால் ஐநூறு ரூபாய், ஒன்றரை மணி நேரம், நடுவில் இன்னொரு வேலையும் பார்க்கலாம். கோளாறு தேடுவது என்றால் பத்து நிமிடமும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். இரண்டு நாள் தேடி நாற்பது ரூபாய் செல் மாட்டிவிட்டு ஐநூறு கேட்டால் நாமே "ஒரு செல்லுக்கு ஐநூறாண்ணே?" என்று சண்டைக்குப் போவோம். தேடியதற்குக் காசு கொடுக்காத ஊரில் யார் தேடுவார்கள்? தப்பு அவர் மேல் பாதி என்றால் நம் மேல் முக்கால். (கணக்கு இடிக்கிறதா? மெக்கானிக்கல்காரர்கள் மன்னிக்கவும்.)

எனக்குக் கோபம் நம் மேல்தான். டிப்ளமோ என்பதே கைக்கும் அறிவுக்கும் பாலம் போடும் படிப்பு. பி.இ. படித்தவர் டிசைன் செய்வார், நாம் ஓடவைப்போம் என்றுதானே மார்தட்டுகிறோம்? ஆனால் நம் லேபில் என்ன நடக்கிறது? மேஜைக்கு வரும் ஒவ்வொரு கருவியும் லேப் அசிஸ்டென்ட் முந்தின நாளே ஓட்டிப் பார்த்து வைத்தது. நாம் இணைப்பு கொடுப்போம், ரீடிங் எடுப்போம், ரெக்கார்டு நோட்டில் 'முடிவு: சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவோம். மூன்று வருடத்தில் ஒரு நாளாவது வேலை செய்யாத ஒரு பொருளை நம் கையில் கொடுத்து, 'இது ஏன் ஓடவில்லை?' என்று கேட்டிருக்கிறார்களா? நாளைக்கு ஒரு மில்லிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்ந்தால் நம்மைக் கூப்பிடுவதே ஓடாத பொருளிடம்தான்! என் யோசனை இது. ஒவ்வொரு பிராக்டிகல் பேட்ச்சுக்கும் வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு கருவியைக் கொடுங்கள். ரீடிங்குக்கு மார்க் வேண்டாம். எங்கே தேடினான், எந்த வரிசையில் தேடினான் என்பதற்கு மார்க் போடுங்கள். சிலபஸில் இல்லை என்று சொல்வார்கள். சிலபஸில் இல்லாத கோலப் போட்டிக்கு அரை நாள் ஒதுக்கும் நமக்கு இதற்கு ஒரு மணி நேரம் கிடைக்காதா?

இன்னொன்று, நம்மில் பெரும்பாலோர் தமிழ் வழியில் வந்தவர்கள். திரையில் இங்கிலீஷ் வந்தவுடன் கண் தானாக 'ஓகே' பொத்தானைத் தேடுகிறது. நானும் அப்படித்தான். கோளாறுச் செய்தி என்பது சாட்சி மாதிரி. சம்பவ இடத்தில் நின்றவர் சொல்வதைக் கேட்காமல் பக்கத்து ஊர்க்காரனிடம் போய் விசாரிக்கிறோம். புரியாத வார்த்தை வந்தால் போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்பில் போட்டால் தமிழில் வருகிறது. இது எங்கள் காலத்து வசதி, முந்தைய செட்டுகளுக்கு இல்லாதது. அதையும் பயன்படுத்தவில்லை என்றால் எப்படி?

யூடியூப் பார்த்துச் சரி செய்யலாமே என்பீர்கள். பார்க்கலாம். 'வைஃபை வரவில்லையா, பத்து வழிகள்' என்று நானும் பார்த்தேன். பத்தையும் ஒரே மூச்சில் செய்தேன். அதில் ஏழாவதோ எட்டாவதோ வேலை செய்திருந்தால்கூட எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை மறுபடியும் பத்தையும் செய்வேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பார், எழுதி வை. லேபில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டோம்.

'பழைய டப்பாவுக்கு எதுக்குடா இவ்வளவு பாடு, புதுசு வரப்போகுது' என்பவர்களும் உண்டு. 2025-26 தமிழக பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ என்று அறிவித்தார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் புதுசுக்கும் ஐந்து வருடம் ஆனால் வயதாகும். 2011லிருந்து வந்த பழசுகள் எத்தனை பீரோவில் தூங்குகின்றன? அவற்றில் எத்தனை நாற்பது ரூபாய் செல்லுக்காகக் காத்திருக்கின்றன? அவற்றில் எத்தனை பேரின் அப்பத்தாக்கள்?

ஆம்ஸ்டர்டாமில் 2009ல் மார்ட்டினா போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்று தொடங்கினார். கெட்டுப்போன பொருளை எடுத்துக்கொண்டு வர வேண்டும். தெரிந்தவர் கூட உட்கார்ந்து சேர்ந்தே சரி பார்ப்பார்கள். கடையில் மாதிரி கொடுத்துவிட்டுப் போக முடியாது. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. டீக்கடைக்குப் பேர் போன நம் நாட்டில் இது முடியாதா? மாணவர் மன்றம் ஆண்டுக்கு ஒரு விழா, ஒரு டூர், ஒரு மலர் என்று நின்றுவிடாமல் வாரம் ஒரு மேஜை போட வேண்டும் என்று பொதுக்குழுவில் நான் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். "கெட்டுப் போச்சுன்னா யார் பொறுப்பு?" என்று பொருளாளர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு: முதல் வேலை பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. (அந்த லினக்ஸில் வைஃபை ஓடிவிட்டால் கார்டு நல்ல கார்டு என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.) நகல் எடுத்துக் கையெழுத்து வாங்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது. இரண்டாவது, ஒரு நீளமான ரிஜிஸ்டர் நோட்டு. என்ன அறிகுறி, எதுவரைக்கும் வருகிறது, என்ன சோதித்தோம், என்ன காரணம் என்று தமிழிலேயே எழுதுவது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதையும் எழுதுவது. அடுத்த செட் அங்கிருந்து தொடங்கட்டும்.

பொருளாளர் ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சம்மதித்திருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் என் லேப்டாப் கதையை எழுதியாயிற்று. இரண்டாம் பக்கம் அந்தத் தள்ளு சுவிட்ச் நண்பனுடையது, அவனே எழுதினான். புதன்கிழமைதோறும் சாயங்காலம் நாலேகாலுக்கு எலக்ட்ரானிக்ஸ் லேப் வராந்தாவில் மேஜை போட்டிருக்கும். லேப்டாப்போடு சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். போன தடவை மூன்று பேர் சார்ஜர் இல்லாமல் வந்து திரும்பிப் போனார்கள்.